ஹரிக்கேன் வந்தால் வீட்டிலேயே இருப்பதா, கிளம்புவதா? ஹூஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை இங்கே புயல் பருவம். மெக்சிகோ வளைகுடாவில் ஒரு சுழி தோன்றியதுமே போன் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர் மாறுவார், கேள்வி மாறாது. ஹூஸ்டனைச் சுற்றியுள்ளவர்களை, அதிலும் ஊருக்குப் புதிதாக வந்தவர்களை மனதில் வைத்து இதைத் தொகுத்திருக்கிறேன். உங்கள் கவுன்ட்டி அதிகாரிகள் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

ஹரிக்கேன் வருதுன்னா எல்லாரும் ஊரைக் காலி பண்ணணுமா?

வேண்டாம். யார் கிளம்ப வேண்டும் என்பதைத் தண்ணீரை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். தண்ணீர் வரும் இடத்தை விட்டு ஓடு, காற்று வந்தால் உள்ளே பதுங்கு என்பது இங்கே பேரிடர் அதிகாரிகள் பல காலமாகச் சொல்லிவரும் பாடம். உறுதியாகக் கட்டிய வீட்டில் ஜன்னல் இல்லாத உள் அறை ஒன்று இருந்தால் பெரும்பாலான காற்றைச் சமாளித்துவிடலாம். பத்தடி உயரத்துக்குக் கடல் உள்ளே வந்தால் எந்த அறையும் உதவாது.

புயல் தள்ளிக்கொண்டு வரும் அந்தக் கடல்நீரைத்தான் ஸ்டார்ம் சர்ஜ் என்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இதுதான். நம் பக்கத்து கால்வெஸ்டன் தீவில் 1900இல் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோனதும் இதுதான். ஆகவே சர்ஜ் வரும் பகுதியில் இருப்பவர்கள், மொபைல் ஹோமில் குடியிருப்பவர்கள், கரன்ட் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் நோயாளியை வீட்டில் வைத்திருப்பவர்கள், இவர்கள் கிளம்ப வேண்டும். மற்றவர்கள் யோசித்து முடிவு செய்யலாம்.

எங்க வீடு எந்த ஸோன்ல வருதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கடல்நீர் வந்தால் யார் கிளம்ப வேண்டும் என்பதைக் காட்டும் வெளியேற்ற ஸோன்கள் இவை. ஹூஸ்டன் வட்டாரத்தில் இதை ஜிப் கோடு (அஞ்சல் எண்) வைத்துப் பிரித்திருக்கிறார்கள். கடலிலிருந்து உள்நாட்டை நோக்கி கோஸ்டல், ஏ, பி, சி என்று வரிசை. கால்வெஸ்டன், சீப்ரூக், கிளியர் லேக், லீக் சிட்டி பக்கம் இருப்பவர்கள் அநேகமாக ஏதோ ஒன்றுக்குள் வருவீர்கள். கேட்டி, சுகர் லேண்ட், சைப்ரஸ் எல்லாம் இந்த ஸோன்களுக்கு வெளியே. ஃப்ளோரிடாவிலும் எழுத்துகள்தான், ஆனால் அங்கே வீட்டு முகவரியைக் கொடுத்தே பார்க்க வேண்டும். ஒரே தெருவில் இரண்டு ஸோன் இருக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இந்த ஸோனும், வீடு வாங்கும்போது காட்டும் ஃப்ளட் ஸோனும் வேறு வேறு. இது கடல்நீருக்காகப் போட்டது, அது இன்ஷூரன்ஸுக்காகப் போட்டது. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

கேட்டகரி ஒண்ணுதானே? இருந்துடலாம் இல்லையா?

அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்கிறது. மணிக்கு 74 மைல் என்றால் ஒன்று, 157 மைலும் அதற்கு மேலும் என்றால் ஐந்து. எவ்வளவு மழை பெய்யும், கடல் எத்தனை அடி ஏறும் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. 2008 செப்டம்பரில் ஐக் புயல் கால்வெஸ்டனில் கரை ஏறியபோது கேட்டகரி இரண்டுதான். பொலிவர் தீபகற்பத்தில் கடல் 15 அடிக்கு மேல் ஏறி, கில்கிறிஸ்ட் என்ற ஊரையே ஏறக்குறைய துடைத்துவிட்டது.

2024 ஜூலையில் வந்த பெரில் நீங்கள் கேட்கும் அதே கேட்டகரி ஒன்று. ஹூஸ்டன் பக்கம் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரன்ட் போனது. பல வீடுகளில் ஒரு வாரம் ஆகியும் வரவில்லை. ஆகவே எண்ணைக் கேட்காதீர்கள். சர்ஜ் எத்தனை அடி, மழை எத்தனை அங்குலம், புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று கேளுங்கள்.

சென்னையில வர்தாவையே பார்த்தவங்க நாங்க. இதுக்குப் போய் பயப்படணுமா?

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாக்கள் கேட்கும் கேள்வி. 2016 வர்தாவைக் குறைத்துச் சொல்லவில்லை, நகரமே மரமில்லாமல் போனதைப் பார்த்தவர்கள் நீங்கள். ஆனால் அன்று நீங்கள் இருந்தது செங்கல் சுவர், கான்கிரீட் தளம் போட்ட வீட்டில். இங்கே உங்கள் மகன் வாங்கியிருக்கும் வீடு மரச்சட்டத்தில் நிற்கிறது. வெளியே தெரியும் செங்கல் ஒரு மேல்பூச்சு மாதிரிதான், கூரையைத் தாங்குவது மரம். பின்பக்கத்து ஓக் மரம் சாய்ந்தால் மாடி அறைக்குள் நேரே வந்துவிடும். பெரிலில் அப்படி வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள் உண்டு. காற்று பலமாக அடிக்கும் இரவில் மாடியில் படுக்காமல் கீழே, பெரிய மரம் இல்லாத பக்கத்து அறையில் படுங்கள்.

டிவியில காட்டற அந்த கூம்புக்குள்ள எங்க ஊர் இல்லை. நிம்மதியா இருக்கலாமா?

அந்தக் கூம்பு புயலின் மையம் எந்தப் பக்கம் போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. அதிலும் மூன்றில் இரண்டு தடவைதான் மையம் கூம்புக்குள் நிற்கும் என்ற கணக்கில் வரைகிறார்கள். அதாவது மூன்றில் ஒரு தடவை வெளியே போகும். மழையும் சர்ஜும் மையத்திலிருந்து நூறு மைலுக்கு அப்பாலும் வரும். கூம்பின் அகலத்தைப் புயலின் அகலம் என்று நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

எப்போ முடிவு எடுக்கறது? கடைசி வரைக்கும் பார்த்துட்டு எடுக்கலாமா?

ஹரிக்கேன் வாட்ச் என்றால் புயல்காற்று எட்டுவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்னால் வருவது. வார்னிங் சுமார் 36 மணி நேரம் முன்னால். தேசிய ஹரிக்கேன் மையம் நம் நேரத்துக்குக் காலை 4, 10, மாலை 4, இரவு 10 என்று அறிக்கை விடுகிறது. என் யோசனை: ஸோனுக்குள் இருப்பவர்கள் வாட்ச் வந்ததும் பெட்டியைக் கட்டிவிடுங்கள், வெளியேற்ற உத்தரவு வந்ததும் கிளம்புங்கள். இரவு 10 மணி அறிக்கைக்காகக் காத்திருந்து, குழந்தைகளை எழுப்பி, நள்ளிரவில் கணவனும் மனைவியும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும் நிலை வேண்டாம்.

கடைசி வரை காத்திருந்தால் இரண்டு சிக்கல். முதலாவது, தண்ணீர் புயலுக்கு முன்பே வந்துவிடும். ஐக் சமயத்தில் பொலிவரிலிருந்து வெளியேறும் சாலை, புயல் கரை ஏறுவதற்குப் பல மணி நேரம் முன்பே மூழ்கிவிட்டது. அடுத்தது, புயல் ஒரே இரவில் வலுத்துவிடலாம். 2021இல் ஐடா வந்தபோது அது வலுத்த வேகத்தில், கட்டாய வெளியேற்றத்துக்கு உத்தரவு போடவே நேரமில்லை என்று நியூ ஆர்லியன்ஸ் நகர நிர்வாகம் சொன்னது.

ரீட்டா சமயத்துல ரோட்டுலயே ஜனங்க செத்துப்போனாங்களாமே? அதுக்கு வீட்டுலயே இருக்கலாமே?

உண்மைதான், ஹூஸ்டனில் இருபது வருஷமாக இருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு ரீட்டா கதை உண்டு. 2005 செப்டம்பர். கத்ரினா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டிவியில் அந்தக் காட்சிகளைப் பார்த்த பயத்தில், போக வேண்டியவர்களோடு போக வேண்டாதவர்களும் கிளம்பினார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் சாலையில். டாலஸுக்கு நாலு மணி நேரப் பயணம் இருபது மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. பெட்ரோல் பங்குகள் வறண்டன. பெட்ரோலை மிச்சம் பிடிக்க, நூறு டிகிரி வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்திசைப் பாதைகளையும் வெளியே போகிறவர்களுக்குத் திறந்துவிட வெகு நேரமாகிவிட்டது. முதியோர் இல்லத்திலிருந்து போன பேருந்து ஒன்று டாலஸுக்குப் பக்கத்தில் தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். உள்ளே ஆக்சிஜன் சிலிண்டர்கள் இருந்தன. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலானோர் இந்த வெளியேற்றத்தில்தான். புயலோ கிழக்கே திரும்பி லூசியானா எல்லைப் பக்கம் போய்விட்டது.

அதற்காக யாரும் கிளம்பக் கூடாது என்று ஆகிவிடாது. சரியானவர்கள் மட்டும் சரியான நேரத்தில் கிளம்ப வேண்டும். மேலே சொன்ன ஜிப் கோடு முறையே ரீட்டாவுக்குப் பிறகு வந்த ஏற்பாடுதான். கேட்டியில் இருப்பவர் பயத்தில் சாலையில் இறங்கினால், உண்மையில் போக வேண்டிய கால்வெஸ்டன்காரரின் வழியை அடைக்கிறார். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

கிளம்புகிறவர்கள் டாலஸ் வரை போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தண்ணீர் எட்டாத இடமாக இருந்தால் முப்பது, நாற்பது மைல் தள்ளி ஒரு நண்பர் வீடு போதும். கிளியர் லேக் குடும்பம் கேட்டி குடும்பத்தின் வீட்டில் இரண்டு நாள் தங்குவதில் தப்பே இல்லை. ஜூன் மாதமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பருவம் முழுவதும் காரில் பாதி டேங்காவது இருக்கட்டும்.

ஹார்வி வந்தப்போ எங்களுக்கு ஸோனும் இல்லை, ஆர்டரும் இல்லை. ஆனா வீடு முங்கிடுச்சே?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. 2017 ஆகஸ்டில் ஹார்வி கரை ஏறியது ராக்போர்ட்டில், இங்கிருந்து வெகு தொலைவு. பிறகு நகராமல் நின்று கொட்டியது. நெடர்லேண்ட் என்ற ஊரில் பதிவான மழை 60.58 அங்குலம். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். மேயர் சில்வெஸ்டர் டர்னர் நகரை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. ரீட்டாவை மனதில் வைத்து எடுத்த முடிவு அது. நகரம் முழுமைக்கும் அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்களை ஒட்டி இருந்தவர்களுக்கு அது போதவில்லை. அந்தத் தேக்கங்கள் வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு, பூங்காவும் விளையாட்டு மைதானமுமாகக் கிடக்கும். தங்கள் வீடே தேக்கத்துத் தண்ணீர் நிற்கும் எல்லைக்குள் இருப்பது பலருக்கும் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஸோனுக்கு வெளியே இருப்பவர்கள் செய்ய வேண்டியது: உங்கள் வீட்டுக்கு அருகில் ஓடும் பேயூ (ஊருக்குள் மெதுவாக ஓடும் சிற்றாறு) எது, தேக்கம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹாரிஸ் கவுன்ட்டியின் வெள்ள எச்சரிக்கை இணையதளம் ஒவ்வொரு பேயூவின் நீர்மட்டத்தையும் உடனுக்குடன் காட்டும். 2017இல் இந்த வீட்டில் தண்ணீர் புகுந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள், வாடகை வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குப் பணம் தராது. அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்துப் பயனில்லை.

அப்பார்ட்மென்ட்ல மூணாவது மாடியில இருக்கோம். தண்ணி வராதே?

வீட்டுக்குள் வராது. ஆனால் கீழே கார் மூழ்கும், லிஃப்ட் நிற்கும், பம்ப் நின்றால் குழாயில் தண்ணீர் வராது. ஸோனுக்குள் இருக்கும் அப்பார்ட்மென்ட் என்றால் மாடியைக் காரணம் காட்டி இருந்துவிடாதீர்கள், சுற்றிலும் தண்ணீர் நின்றால் உங்களை அடையவே முடியாது. ஸோனுக்கு வெளியே என்றால் இருக்கலாம். காரை மட்டும் முன்கூட்டியே உயரமான பார்க்கிங் கராஜில் விட்டுவிடுங்கள்.

அம்மா அப்பா விசிட்டுக்கு வந்திருக்காங்க. அப்பா இன்சுலின் போடறவர். ஸோன் இல்லாட்டியும் கிளம்பணுமா?

இங்கே கணக்கே வேறு. பெரிலுக்குப் பிறகு ஹூஸ்டனில் பலர் இறந்தது காற்றாலோ வெள்ளத்தாலோ அல்ல, கரன்ட் இல்லாத வீட்டின் புழுக்கத்தால். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அதுதான் பெரிய ஆபத்து. ஊரில் மின்விசிறி இல்லாமலே படுத்திருக்கிறோமே என்பார்கள். ஊர் வீட்டில் காற்றோட்டம் உண்டு. இங்கே ஏசிக்கென்றே மூடிக் கட்டிய பெட்டி வீடு, கரன்ட் போன மறுநாளே உள்ளே வெந்துவிடும்.

நான் சொல்லும் வழி, புயலுக்குப் பிறகு கிளம்புவது. காற்று ஓய்ந்து, சாலையில் தண்ணீர் வடிந்து, கரன்ட் இன்றைக்கு வராது என்று தெரிந்ததும் பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஆஸ்டினுக்கோ சான் ஆண்டோனியோவுக்கோ போய்விடுங்கள். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் அறை ஒன்றை முன்பே பிடித்து வைப்பது நல்லது. ஆக்சிஜன் இயந்திரம், டயாலிசிஸ் என்றால் இந்தக் காத்திருப்பு கூடாது, புயலுக்கு முன்பே போய்விட வேண்டும். வண்டி வசதி இல்லாதவர்கள் 211 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து, உதவி தேவைப்படுவோருக்கான டெக்சஸ் மாநிலப் பதிவில் முன்கூட்டியே பெயர் கொடுக்கலாம். இன்சுலின் எத்தனை நாள் வெளியே தாங்கும் என்பதை மருந்துக் கடையில் இப்போதே கேட்டு வையுங்கள்.

மேனேஜர் வரச் சொல்றார். ஆர்டர் வந்தும் போகலாமா? வேலை போயிடுமே?

பொது வெளியேற்ற உத்தரவு போட்ட பகுதியிலிருந்து அந்த உத்தரவின்படி கிளம்பியவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று டெக்சஸ் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. அவசரச் சேவைப் பணியில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. கவனியுங்கள், உத்தரவு வேண்டும். பயத்தில் நீங்களாகக் கிளம்பினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உத்தரவு வந்த செய்தியைச் சேர்த்து மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

எச்-1பி விசாவுல இருக்கோம். ஷெல்டர்ல சேர்ப்பாங்களா? ஃபெமா பணம் வருமா?

ஷெல்டர் எல்லோருக்கும் திறந்தது, அங்கே விசா கேட்க மாட்டார்கள். ஹார்வி சமயம் ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் பத்தாயிரம் பேர் வரை தங்கினார்கள். உணவு, தண்ணீர், படுக்கை போன்ற உடனடி உதவிகளுக்கும் அப்படித்தான். மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமா தரும் பண உதவி மட்டும் குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள் முதலிய சில பிரிவினருக்குத்தான். எச்-1பி அதில் வராது. ஆனால் இங்கே பிறந்த, குடியுரிமை உள்ள குழந்தை உங்களோடு அதே வீட்டில் இருந்தால் அந்தக் குழந்தையின் சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

கிளம்பும்போது பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல் கடிதம்), குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பையிலேயே வையுங்கள். பீரோவில் பூட்டி வைத்த நகையைவிட நனைந்த பாஸ்போர்ட் அதிகம் அலைய வைக்கும்.

மேன்டேட்டரின்னு சொன்னா போலீஸ் வந்து இழுத்துட்டுப் போவாங்களா?

சட்டத்தில் இடம் உண்டு, நடைமுறையில் அநேகமாக இல்லை. அதற்குப் பதில் வேறொன்று நடக்கும். காற்று மணிக்கு 40 மைலைத் தாண்டிவிட்டால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் பெரும்பாலும் வெளியே வராது. 911 எண்ணில் போனை எடுப்பார்கள், ஆனால் ஆள் அனுப்ப முடியாது. உத்தரவை மீறி இருந்து, பிறகு மீட்க வேண்டி வந்தால் அந்தச் செலவை உங்களிடம் கேட்கவும் டெக்சஸ் சட்டத்தில் வழி இருக்கிறது. ஹார்விக்கு முன்னால் ராக்போர்ட் நகர அதிகாரி ஒருவர், போக மறுப்பவர்கள் மார்க்கர் பேனாவால் தங்கள் கையில் பெயரையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் எழுதிக்கொள்ளட்டும் என்றார். எதற்கு என்று அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, இருக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். என்னென்ன செய்யணும்?

தண்ணீர், டார்ச், பவர் பேங்க், மருந்து என்ற வழக்கமான பட்டியல் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதில் இல்லாதவற்றைச் சொல்கிறேன். பாத்டப்பை நிரப்புங்கள், குடிக்க அல்ல, டாய்லெட்டில் ஊற்ற. ஜன்னலில் டேப் ஒட்டி நேரத்தை வீணாக்காதீர்கள், அது கண்ணாடியைக் காப்பாற்றாது. ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். பிறகு பார்க்கும்போது நாணயம் அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிடலாம். கரன்ட் போனால் திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம்தான் தாங்கும். ஆகவே வாட்ச் வந்ததும் மாவு அரைப்பதை நிறுத்துங்கள். இருக்கும் மாவை இட்லியாக்கித் தீர்த்துவிடுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வெளியே வையுங்கள். கராஜ் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பது போதாது. 2020இல் லாரா புயலுக்குப் பிறகு லூசியானாவில் ஜெனரேட்டர் புகையில் மட்டும் பலர் இறந்தார்கள், தூக்கத்திலேயே. கரி அடுப்பையும் கேம்பிங் ஸ்டவ்வையும் வீட்டுக்குள் பற்ற வைக்காதீர்கள்.

இருந்துட்டோம், தண்ணி உள்ளே வர ஆரம்பிச்சிடுச்சு. இப்போ கார்ல கிளம்பலாமா? இல்லை அட்டிக்ல ஏறலாமா?

இரண்டும் வேண்டாம். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே பல கார்களை நகர்த்திவிடும், இரண்டடி பெரிய வண்டியையும் இழுக்கும். வெள்ளத்தில் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பங்கு காருக்குள்தான். அதுவும் இரவில் சாலை எது, பள்ளம் எது என்று தெரியாது.

மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள். மாடி இல்லாதவர்கள் அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் ஏறினால் அங்கிருந்து வெளியேற வழி இருக்காது. கத்ரினாவில் அப்படிச் சிக்கி இறந்தவர்கள் உண்டு. அதனால்தான் ஹார்வியின்போது, கோடாலி இல்லாமல் அட்டிக்கில் ஏறாதீர்கள், கூரைக்குப் போங்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். மெயின் ஸ்விட்சை அணைப்பது என்றால் தண்ணீர் காலைத் தொடுவதற்கு முன். தொட்ட பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

போன தடவை கிளம்பிப் போய் ஹோட்டலுக்கு ஆயிரம் டாலர் அழுதோம். ஒரு சொட்டு மழை இல்லை. இந்தத் தடவையும் போகணுமா?

ஸோனுக்குள் இருந்து உத்தரவும் வந்தால், ஆமாம். புயல் கடைசி நேரத்தில் ஐம்பது மைல் திரும்புவது சாதாரணம், அந்த ஐம்பது மைல் பக்கத்து ஊரை அழித்திருக்கும். ஆயிரம் டாலர் வலிக்கத்தான் செய்யும், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் ஹோட்டலைவிட நண்பர் வீடு என்று மேலே சொன்னது. உத்தரவுப்படி கிளம்பினால் தங்கும் செலவைத் தரும் இன்ஷூரன்ஸ் பாலிசிகளும் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள், ரசீதை எறியாதீர்கள்.

திரும்பி வர்றது எப்போ? வந்ததும் முதல்ல என்ன செய்யறது?

கவுன்ட்டி சொன்ன பிறகு. அறுந்த மின்கம்பி தண்ணீருக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும், செருப்போடு இறங்காதீர்கள், பூட்ஸ் வேண்டும். உள்ளே காஸ் வாடை அடித்தால் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து போன் செய்யுங்கள்.

துடைப்பத்தைக் கையில் எடுக்கும் முன் போனை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும், பக்கத்தில் ஒரு அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த கார்பெட்டை வெளியே இழுத்துப் போடலாம், இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். ஆனால் அதில் கையளவு ஒரு துண்டை வெட்டி வையுங்கள், இன்ஷூரன்ஸ்காரர் வந்து பார்க்கும்போது கேட்பார்.